பினாங்குத் தீவில் வேலை, நிபோங் தெபாலில் வீடு: தினமும் பாலம் கடப்பதா, குடிபெயர்வதா?

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பக்கமான நிபோங் தெபால், ஜாவி, சுங்கை பாக்காப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் வேலை கிடைத்த அன்றைக்கே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். மோட்டாரிலேயே போய்வரட்டும் என்பார் அப்பா. மழையிலும் காற்றிலும் பாலத்தில் ஏன் பிள்ளையை விடவேண்டும், அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கட்டும் என்பார் அம்மா. எப்படியும் வீடு வாங்கத்தானே போகிறோம், பாலத்தின் இந்தப் பக்கம் பத்து காவானில் பார்ப்போமே என்று மாமா மூன்றாவது வழி சொல்வார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தீவில் எந்த இடத்தில் வேலை, எத்தனை மணிக்கு ஷிப்ட் என்ற இரண்டையும் கேட்காமல் மூவருமே பேசுகிறார்கள். முடிவைத் தீர்மானிப்பது அந்த இரண்டும்தான்.

முதலில் தீவைச் சரியாகப் பார்க்கவேண்டும். நம்மில் பலருக்குப் பினாங்கு என்றால் தண்ணீர்மலை, கொடிமலை, லிட்டில் இந்தியா. தைப்பூசத்துக்கும் தீபாவளிச் சாமான் வாங்கவும் போய்வந்த பழக்கம். அந்த இடங்கள் எல்லாம் தீவின் வடகிழக்கு மூலையில், ஜோர்ஜ்டவுனைச் சுற்றி இருப்பவை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையோ தென்கிழக்கில், விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. தண்ணீர்மலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத் தொழிற்சாலைக்குப் போகும் நேரத்தைக் கணக்கிட்டால் தப்பாகிவிடும்.

தீவின் பரப்பு ஏறக்குறைய 295 சதுர கிலோமீட்டர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 7 லட்சத்து 94 ஆயிரம் பேர். அதாவது சதுர கிலோமீட்டருக்கு சுமார் 2,700 பேர். நாம் இருக்கும் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் 9 லட்சத்து 46 ஆயிரம் பேர் இருந்தும், நிலம் இரண்டரை மடங்கு பெரிது என்பதால் அடர்த்தி அதில் பாதிக்கும் குறைவு. தீவுக்குள்ளும் மக்கள் பரவலாக இல்லை. நடுவிலும் வடக்கிலும் கருங்கல் மலை. அதன் உச்சி 833 மீட்டர். மேற்கே பாலிக் பூலாவ் சமவெளியில் டுரியான், ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள். கிழக்குக் கரையோரம் வடக்கு தெற்காக ஒடுங்கிய ஒரு பட்டை நிலம் இருக்கிறது. வீடு, கடை, தொழிற்சாலை, சாலை எல்லாம் அந்தப் பட்டைக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இடம் போதாமல் கடலையும் தூர்த்தார்கள். கரையோர விரைவுச்சாலையின் பெரும்பகுதி, குயின்ஸ்பே வட்டாரம் எல்லாம் அப்படித் தூர்த்த நிலம்தான். தீவில் வீட்டு விலை ஏறியே கிடப்பதற்கு இந்த ஒடுங்கிய பட்டைதான் மூல காரணம். மலைச்சரிவில் ஏறவும் தடை உண்டு. கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலுள்ள நிலத்தையும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்தையும் மலைநிலம் என்று வகைப்படுத்தி மாநில அரசு கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகிறது.

வேலை அங்கே குவிந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1969இல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வணிகம் படுத்தது, வேலையில்லாத் திண்டாட்டம் முற்றியது. அந்த ஆண்டு முதலமைச்சரான லிம் சொங் இயூ, துறைமுகத்தை விட்டுத் தொழிற்சாலை பக்கம் திரும்பினார். 1972இல் பாயான் லெப்பாஸ் நெல்வயல்களில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வட்டாரம் உருவானது. இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி போன்ற நிறுவனங்கள் முதல் அணியில் வந்தன. விமான நிலையம் பக்கத்திலேயே இருந்தது பெரிய வசதி. கைக்குள் அடங்கும் மின்னணுச் சில்லுகள் கப்பலில் போவதில்லை, விமானத்தில்தான் போகின்றன.

அதற்குப் பிறகு வந்த மாற்றம்தான் நமக்கு முக்கியம். தீவில் நிலம் தீர்ந்ததும் தொழிற்சாலைகள் கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வரத் தொடங்கின. ஒரு காலத்தில் கரும்பும் பிறகு ரப்பரும் செம்பனையுமாக இருந்த பத்து காவானில் இன்று மைக்ரோன், லாம் ரிசர்ச், போஷ் ஆகியவற்றின் ஆலைகள் நிற்கின்றன. நம் முன்னோர் கரும்பு வெட்டக் கொண்டுவரப்பட்ட மண் அது. ஆகவே பாலம் கடப்பதா குடிபெயர்வதா என்று யோசிக்கும் முன், அதே வேலை இந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு பக்கமும் ஆலை இருந்தால், நேர்முகத்திலேயே பத்து காவான் ஆலையைக் கேட்பதில் தவறில்லை. அங்கே இடம் இல்லை என்றால்தான் கீழே சொல்லும் கணக்கெல்லாம்.

கடலைத் தாண்ட மூன்று வழி

தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள கடல் பட்டர்வொர்த்துக்கு நேராகத்தான் மிக ஒடுங்கியது, ஏறக்குறைய 3 கிலோமீட்டர். தெற்கே போகப்போக விரிந்துகொண்டே போகும். அதனால்தான் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஓடுகிறது, பிறையிலிருந்து கெலுகோர் போகும் முதல் பாலத்துக்குக் கடலின் மேல் 8.4 கிலோமீட்டர், பத்து காவானிலிருந்து பத்து மாவுங் போகும் இரண்டாவது பாலத்துக்குக் கடலின் மேலேயே 16.9 கிலோமீட்டர். முதல் பாலம் 1985இல் திறந்தது, மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். இரண்டாவது 2014 மார்ச்சில் திறந்தது, மொத்தம் 24 கிலோமீட்டர்.

நிபோங் தெபாலிலிருந்து பாயான் லெப்பாஸ் போக இரண்டாவது பாலம்தான் நேர்வழி. ஜாவி, சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட் வழியாகப் போய்ப் பாலம் ஏறி இறங்கினால் சுமார் 45 கிலோமீட்டரில் தொழிற்பேட்டை. முதல் பாலத்துக்குப் பிறை வரை வடக்கே போய், கடலைத் தாண்டியபின் மறுபடி தெற்கே இறங்கவேண்டும். தூரமும் கூடும், காலையில் ஜூரு பகுதியில் வண்டிகளும் தேங்கி நிற்கும். வேலை ஜோர்ஜ்டவுன், ஜெலுத்தோங், கெலுகோர் பக்கம் என்றால் மட்டும் முதல் பாலம் சரி.

சுங்கக் கட்டணத்தைப் பொறுத்தவரை, இரண்டு பாலத்திலும் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் கட்டவேண்டும், திரும்பும்போது கிடையாது. காருக்கு முதல் பாலத்தில் 5 வெள்ளி 74 காசு, இரண்டாவதில் 7 வெள்ளி. மோட்டாருக்கு 2019 ஜனவரி முதல் இரண்டிலும் இலவசம்.

மூன்றாவது வழி ரயிலும் ஃபெரியும். நிபோங் தெபாலில் கே.டி.எம். கொமுட்டர் நிற்கிறது. பட்டர்வொர்த் நிலையத்தில் இறங்கி பினாங்கு சென்ட்ரல் வழியாக நடந்தே ஃபெரிக்குப் போய்விடலாம். கார் ஏற்றும் பழைய ஃபெரிகள் 2020 முடிவோடு நின்றுவிட்டன. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடுபவை ஆளையும் மோட்டாரையும் சைக்கிளையும் மட்டுமே ஏற்றும் புதிய படகுகள். ஜோர்ஜ்டவுனில் மருத்துவமனையிலோ ஹோட்டலிலோ கடையிலோ வேலை பார்ப்பவருக்கு இது நல்ல வழி. ரயில் 35 நிமிடம், மாறி நடக்க 15, காத்திருக்க 20, கடல் கடக்க 15 என்று ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். பாயான் லெப்பாஸுக்கு இது உதவாது. கரையிறங்கியபின் பஸ் பிடித்து மறுபடி தெற்கே ஒரு மணி நேரம் போகவேண்டிவரும். ரயில்களுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய ஷிப்ட்டுக்குத் தாமதம்தான்.

தினமும் போய்வந்தால்

மாதம் 24 நாள் வேலை, நாளுக்கு 90 கிலோமீட்டர். மாதத்துக்கு 2,160 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும் சிறிய கார் என்றால் 154 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 2 வெள்ளி என்று வைத்தால் 308 வெள்ளி. பாலத்துக்கு 168 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 476. சம்பளம் குறைந்தபட்ச ஊதியமான 1,700 வெள்ளி என்றால், நாலில் ஒரு பங்குக்கும் மேல் சாலையிலேயே போகிறது. கார் தவணை, டயர், சர்வீஸ் எதையும் இதில் சேர்க்கவில்லை. ஐந்து மாதத்துக்குள் 10,000 கிலோமீட்டர் ஓடிவிடும் என்பதால் அவையும் சீக்கிரம் வந்து நிற்கும். முதல் வேலையில் சேரும் பிள்ளை இந்த வேலைக்காகவே கார் எடுப்பதை நாங்கள் ஒருபோதும் ஆதரிக்கமாட்டோம்.

மோட்டார் என்றால் கணக்கு வேறு. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் 110 அல்லது 125 சிசி வண்டிக்கு மாதம் 48 லிட்டர், 96 வெள்ளி. பாலம் இலவசம். எண்ணெய் 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, அதாவது ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டும். டயரும் செயினும் தோட்டத்துக்குள் ஓடும் வண்டியைவிட மூன்று மடங்கு வேகமாகத் தேயும். ஆனாலும் பணத்தைப் பொறுத்தவரை மோட்டாரை எந்த வழியும் வெல்லமுடியாது. இங்கே சிக்கல் பணமில்லை, உடம்பு.

பாலத்தின் இடது ஓரத்தில் மோட்டாருக்குத் தனித்தடம் உண்டு. அதை விட்டு விலகாமல் போவதே பாதுகாப்பு. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, விடியலுக்கு முன்னும் காலையிலும் சுமத்ரா பக்கமிருந்து திடீர்க் காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும். சரியாக 7 மணி ஷிப்ட்டுக்குப் போகும் நேரம் அது. கரையில் நிற்கும்போது சாதாரணமாகத் தெரியும் காற்று, பாலத்தின் நடு மேட்டில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பெரிய லோரி கடந்துபோகும் கணம் காற்று தடைபட்டு, லோரி போனதும் சட்டென்று மறுபடி அடிக்கும். அந்தக் கணத்தில்தான் ஹேண்டில் கையை மீறும். பின்னால் பெரிய பெட்டி கட்டிய வண்டியும், காற்றில் உப்பும் மழைக்கோட்டும் இதை இன்னும் மோசமாக்கும். மழைக்கோட்டை மேல்சட்டை, கால்சட்டை என்று இரண்டாகப் பிரிந்த வகையில் வாங்குங்கள். முழு அங்கி வகை பாலத்துக்கு ஆகாது. தென்மேற்கே கடல்மேல் வானம் கறுத்துக் கிடந்தால் பத்து காவான் பக்கத்திலேயே நிறுத்தி அரைமணி காத்திருங்கள். பாலத்தின் மேல் ஒதுங்க இடமே கிடையாது. பெட்ரோல் நிலையமும் இல்லை, டயர் கடையும் இல்லை. டியூப் இல்லாத டயர் போட்டு வைத்திருந்தால் ஆணி ஏறினாலும் காற்று மெல்ல இறங்கும், கரை வரை வந்துவிடலாம்.

அதைவிடப் பயப்படவேண்டியது தூக்கம். 12 மணி நேர ஷிப்ட், போகவர இரண்டரை மணி, ஆக மொத்தம் பதினாலரை மணி. மிச்சமுள்ள ஒன்பதரை மணிக்குள் குளித்து, சாப்பிட்டு, வீட்டாரிடம் இரண்டு வார்த்தை பேசித் தூங்கவேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து காலை 7 மணிக்குத் திரும்பும்போது, 24 கிலோமீட்டருக்கு சந்தியோ போக்குவரத்து விளக்கோ இல்லாத ஒரே சீரான சாலை, கூடவே முகத்துக்கு நேரே ஏறும் வெயில். கண் செருகுவதற்கு இதைவிட ஏற்ற இடம் இல்லை. இரவு ஷிப்ட் உள்ள வேலைக்கு மோட்டாரில் தினமும் பாலம் கடப்பது வேண்டாம் என்பதே எங்கள் தீர்மானமான கருத்து.

நேரத்தைப் பற்றி ஒன்று. பாலத்தில் நெரிசல் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டாவது பாலம் பெரும்பாலும் சீராகத்தான் ஓடும். தேங்குவது அதற்கு அப்பால். இரண்டு பாலத்திலிருந்து இறங்கும் வண்டிகளும் தீவின் உள்ளூர் வண்டிகளும் கிழக்குக் கரையோர விரைவுச்சாலை ஒன்றிலேயே வந்து சேர்கின்றன. ஒருபுறம் கடலும் மறுபுறம் மலையும் இருக்க, அதற்கு ஈடான மாற்றுச் சாலை கிடையாது. தொழிற்சாலை பத்து மாவுங் முனையில் இருக்கிறதா, தொழிற்பேட்டையின் வடக்கு முனையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து 20 நிமிடம் வித்தியாசப்படும். கம்பெனி பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வராமல், எந்த வாசல் என்றும் கேளுங்கள்.

இதே தினசரிப் பயணத்தில் நான்காவது வகை ஒன்று இருக்கிறது, அதுதான் பேக்டரி பஸ். எங்களைக் கேட்டால் முதலில் விசாரிக்கவேண்டியதே இதைத்தான். செலவு இல்லை, அல்லது கொஞ்சம்தான். போகவர இரண்டரை மணி நேரமும் தூங்கலாம். ஆனால் 'பஸ் இருக்கிறது' என்ற பதிலோடு நின்றுவிடக்கூடாது. எந்த இடத்தில் ஏற்றுவார்கள், எத்தனை மணிக்கு, இரவு ஷிப்ட்டுக்கும் உண்டா, ஞாயிறு வேலைக்கு உண்டா, ஓ.டி. எனும் கூடுதல் நேர வேலை செய்து முடித்தபின் பஸ் காத்திருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். ஓ.டி.க்கு பஸ் இல்லை என்றால் ஓ.டி. பணம் போய்விடும், பல குடும்பங்களில் சம்பளத்தை நிமிர்த்துவதே அந்தப் பணம்தான். வண்டி நின்று நின்று ஆள் ஏற்றும் என்பதால் 7 மணி ஷிப்ட்டுக்கு 5 மணிக்கே நிறுத்தத்தில் நிற்கவேண்டிவரலாம். தோட்டத்துக்குள் இருப்பவர் அந்த நேரத்தில் சாலை வரை எப்படி வருவது என்பதையும் யோசிக்கவேண்டும்.

தீவிலேயே அறை எடுத்தால்

பாயான் பாரு, சுங்கை ஆரா, ரெலாவ், பாயான் லெப்பாஸ் பகுதிகளில் தொழிற்சாலை ஆட்களுக்கு அறை வாடகைக்குக் கிடைக்கும். வாடகையைப் பயணச் செலவோடு ஒப்பிடும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள், வாடகையை மட்டும் பார்க்கிறார்கள். அறைக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்பணம், முழு வீடு என்றால் வழக்கமாக இரண்டு மாத வாடகை முன்பணம், அரை மாதம் தண்ணீர் மின்சாரத்துக்கு, முதல் மாத வாடகை என்று மூன்றரை மாதப் பணம் கையில் வேண்டும். அதோடு, வீட்டில் அம்மா கட்டிக்கொடுக்கும் சோறு போய், மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. அறை வாடகையைவிட அதுதான் கூடும். சமைக்க அனுமதி உள்ள அறையா என்று கேட்பது வாடகையைப் பேரம் பேசுவதைவிட முக்கியம்.

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோனால் காருக்குக்கூட மாதம் நான்கு முறைதான் பாலக் கட்டணம், 28 வெள்ளி. மோட்டார் உள்ளவருக்கு அதுவும் இல்லை. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்றால் அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் அறை எடுத்துத் தங்குவது நல்ல வழி. வேலை பிடித்ததா, ஷிப்ட் ஒத்துவந்ததா என்று அதற்குள் தெரிந்துவிடும். ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றாம் மாதம் வேலையை விட்டால் முன்பணம் திரும்பாது.

அடுக்குமாடி பார்க்கும்போது மலையடிவாரத்தில் இருப்பதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு வாரத்தில், நவம்பர் தொடக்கத்தில், ஒரே இரவு மழையில் மாநிலமே வெள்ளத்தில் மூழ்கியது. கட்டடத்தின் பின்பக்கம் போய்த் தடுப்புச் சுவரைப் பாருங்கள். சுவரில் வரிசையாகச் சிறு குழாய் வாய்கள் இருக்கும், மண்ணுக்குள் தேங்கும் நீரை வெளியேற்ற வைத்தவை. மழை விட்ட மறுநாள் அவற்றில் தெளிந்த நீர் சொட்டினால் சுவர் வேலை செய்கிறது. புல் அடைத்து வறண்டு கிடந்தால் நீர் உள்ளேயே நின்று சுவரைத் தள்ளுகிறது. செம்மண் கலந்த நீர் வந்தால் உள்ளே மண் கரைகிறது. சுவரில் விரல் நுழையும் கிடைமட்ட விரிசல், மேலே சாய்ந்து நிற்கும் மரம், பிளந்த கால்வாய் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தக் கட்டடத்தை விட்டுவிடுங்கள். கரையோரத் தாழ்நிலத்தில் இருப்பது என்றால் பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வரும் நாளில் கால்வாய் நீர் கடலுக்குள் வடியாது. கீழ்த்தளம் வேண்டாம், மோட்டார் நிறுத்துமிடம் எவ்வளவு உயரத்தில் என்று பாருங்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பினாங்கின் குழாய் நீரில் பெரும்பங்கு சுங்கை மூடாவிலிருந்து வருகிறது, சுங்கை டுவாவில் சுத்தம் செய்து கடலடிக் குழாய்களில் தீவுக்குப் போகிறது. ஆயர் ஈத்தாம் அணையும் தெலுக் பாஹாங் அணையும் கைகொடுத்தாலும், பெருநிலத்தில் ஒரு வால்வு பழுதானால் தீவும் காய்ந்துவிடும். 2024 ஜனவரியில் வால்வு மாற்றும் வேலைக்காக நான்கு நாள் வரை தடை இருந்தது. உயர்ந்த மாடியில் இருப்பவருக்கு வாளியைச் சுமந்து ஏறும் வேலை. இதை வைத்து முடிவை மாற்றவேண்டியதில்லை, இரண்டு பெரிய பீப்பாய் வைத்துக்கொண்டால் போதும்.

பத்து காவான், சிம்பாங் அம்பாட்: நடுவழி

குடும்பத்தோடு மாறுவதென்றால் நாங்கள் கைகாட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். பாலத்தின் வாசலில் இருப்பதால் பயணத்தில் 15 கிலோமீட்டர் குறைகிறது. தீவு வேலை போனாலும் பத்து காவான், பிறை, புக்கிட் மிஞ்ஞாக் தொழிற்பேட்டைகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. தீவில் குடியிருந்து, வேலை மட்டும் பத்து காவானுக்கு மாறினால் எதிர்ப்பக்கமாகப் பாலம் கடக்க நேரும். அந்த நிலைமை இப்போது நிறையக் குடும்பங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது.

பிள்ளைகள் பள்ளிக்கு இதுவே வசதி. மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள், பெரும்பாலானவை பெருநிலத்தில். பத்து காவான், ஜாவி, சுங்கை பாக்காப், நிபோங் தெபால் என்று வழியெங்கும் உண்டு. தீவில் சில மட்டுமே, அதனால் சுங்கை ஆராவுக்கோ பாயான் லெப்பாஸுக்கோ வரும் குடும்பம் வீடு பார்க்கும் முன் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று போய்க் கேட்கவேண்டும்.

வீடு வாங்கும் கணக்கில் நம் தோட்டக் குடும்பங்களுக்கு ஒரு தனி நெருக்கடி இருக்கிறது. அப்பா தோட்ட வேலையில் இருந்தால், ஓய்வு பெற்றதும் தோட்ட வீட்டைக் காலி செய்யவேண்டும். ஓய்வு வயது 60. அவருக்கு இப்போது 56 என்றால் வீட்டுப் பிரச்சினைக்கு நான்கு வருட அவகாசம்தான். இந்த நிலையில் மகன் தீவில் வாடகைக்குப் பணத்தை விட்டுக்கொண்டிருந்தால், அப்பா ஓய்வு பெறும்போது கையில் ஒன்றும் இருக்காது. வீடு யாருடைய ஓய்வுக்கு என்று முதலில் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்.

2,50,000 வெள்ளி வீடு, 90 விழுக்காடு கடன் என்றால் கடன் 2,25,000. வட்டி 4 விழுக்காடு, 35 வருடம் என்றால் மாதம் 996 வெள்ளி. முன்பணம் 25,000. வாங்கல் ஒப்பந்தத்துக்கு வக்கீல் கட்டணம் 1.25 விழுக்காடு, அதாவது 3,125 வெள்ளி. கடன் ஒப்பந்தத்துக்குத் தனியாக ஏறக்குறைய 2,800. பெயர் மாற்ற முத்திரை வரி 4,000. முதல் வீட்டுக்கு இந்த வரியில் விலக்கு இருக்கிறதா என்பதை ஒப்பந்தத் தேதியில் வக்கீலிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இதே கணக்கைத் தீவில் 3,00,000 வெள்ளிக்குப் போட்டால் மாதத் தவணை 1,195. மாதம் 200 வெள்ளிதான் கூடுகிறது என்று பார்க்காதீர்கள். அதே பரப்பு அந்த விலைக்குத் தீவில் கிடைப்பது அரிது. இந்தப் பக்கம் தரைவீடு கிடைக்கும் பணத்துக்கு அங்கே அடுக்குமாடி, அதற்கு மேல் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம்.

அப்பாவையும் சேர்த்துக் கூட்டுக் கடன் போடும்போது கவனம். கடன் காலம் பொதுவாக 35 வருடம் அல்லது 70 வயது, எது முந்துகிறதோ அதுவரை. 56 வயது அப்பாவின் வயதை வங்கி கணக்கில் எடுத்தால் 14 வருடம்தான் மிஞ்சும், தவணை ஏறிவிடும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை சேர்ந்து போடுவது இதைவிட நல்லது. அப்பாவின் பங்கை முன்பணமாகப் பெற்றுக்கொள்ளலாம். உங்கள் சொந்த ஊழியர் சேமநிதியில் (ஈ.பி.எஃப்.) செஜாத்ரா கணக்குப் பணத்தையும் வீட்டுக்கு எடுக்கலாம். வருமானம் குறைவு என்றால் மாநில அரசின் மலிவுவிலை வீட்டுக்குப் பதிவு செய்துவிடுங்கள். வரிசை நீளம், அதனால் தேவை வரும்போது பதியலாம் என்று இருக்கக்கூடாது. பத்து காவான் பக்கம் 99 வருடக் குத்தகை நிலமும் உண்டு. பட்டாவில் எத்தனை வருடம் மிச்சம் என்று பார்த்தபின்பே முன்பணம் கொடுங்கள்.

இன்னொரு சபலம்: எல்.ஆர்.டி. என்ற இலகு ரயில் வந்துவிடும், அதனால் இங்கே வாங்கு என்று விற்பனையாளர் சொல்வார். முத்தியாரா என்ற அந்த ரயில் தடத்தின் கட்டுமானம் 2025இல் தொடங்கியது, 2031இல் ஓடும் என்பது திட்டம். அது தீவின் தெற்கிலிருந்து ஜோர்ஜ்டவுன் போய், கடலைத் தாண்டி பட்டர்வொர்த்தில் பினாங்கு சென்ட்ரலுக்கு வரும். நிபோங் தெபால் ரயிலில் பட்டர்வொர்த் போய் மாறுபவருக்கு நாளைக்கு அது பெரிய வரம். பத்து காவானில் வீடு வாங்குபவருக்கு அதில் ஒரு பலனும் இல்லை.

யாருக்கு எது

தனி ஆள், பகல் ஷிப்ட், பேக்டரி பஸ் ஊர் வரை வருகிறது என்றால் நிபோங் தெபாலிலேயே இருங்கள், பணத்தைச் சேருங்கள். தனி ஆள், இரவு ஷிப்ட் மாறி மாறி வருகிறது, பஸ் இல்லை என்றால் தீவில் அறை. அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று மோட்டாரில் அலையவேண்டாம். பிள்ளைகள் உள்ள குடும்பம், பெற்றோர் ஓய்வு நெருங்குகிறது என்றால் சிம்பாங் அம்பாட், பத்து காவான், சுங்கை பாக்காப். ஜோர்ஜ்டவுனில் பகல் வேலை என்றால் ரயில். கணவன் மனைவி இருவருக்கும் தீவிலேயே வேலை, பிள்ளை இன்னும் இல்லை என்றால் மட்டும் தீவில் வாடகை வீடு பணத்திலும் நேரத்திலும் ஈடுகொடுக்கும்.

கடைசி முடிவுக்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வேலையில் சேரும் முன், ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் ஒரு திங்கட்கிழமை காலை, ஷிப்ட்டுக்குச் சேரவேண்டிய நேரத்தைக் குறித்து வைத்து வீட்டு வாசலிலிருந்து தொழிற்சாலை வாசல் வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மாலை அதே ஷிப்ட் முடியும் நேரத்தில் திரும்புங்கள். இரண்டு நேரத்தையும் எழுதிவைத்து, மழைக்கென்று 20 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் தங்கும் முகவரியை எச்.ஆரில் எழுத்தில் கொடுங்கள். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவே வழக்கமான வழியில் நடக்கும் விபத்துக்குத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் பாதுகாப்பு உண்டு. பதிவில் நிபோங் தெபால் முகவரி இருக்க, விபத்து சுங்கை ஆராவில் நடந்தால் அங்கே ஏன் போனீர்கள் என்ற கேள்வி வரும். வார இறுதியில் ஊருக்கு வந்து திங்கள் காலை நேராக வேலைக்குப் போகும் வழக்கம் இருந்தால் இரண்டு முகவரியையும் பதிந்துவைப்பது நல்லது. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டும். அதனால் மருத்துவமனையிலிருந்தே வீட்டார் யாராவது அன்றைக்கே எச்.ஆரை அழைத்துச் சொல்லிவிடவேண்டும், போலீஸ் புகார் நகலும் மருத்துவச் சான்றும் பிறகு கொடுக்கலாம்.